பேஸ் கிட்டாரும் தம்புராவும்

கேள்வி: ஜமைக்காவின் டப் இசையும் நம் இசையும் எப்படி ஒட்டும்?

பதில்: லண்டன் அனிருத்த தாஸின் பேஸ் கிட்டாரைக் கேளுங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். இளைஞர்களுக்கு இசைத் தொழில்நுட்பம் கற்றுக்கொடுத்தவர் அவர். 1993-ல் அந்த வகுப்பிலிருந்தே ஏஷியன் டப் ஃபவுண்டேஷன் என்ற இசைக்குழு பிறந்தது. மாணவர் தீதர் ஜமான் அதன் ராப் பாடகரானார்.

டப்பில் பாட்டை உருவிவிட்டு, பேஸையும் டிரம்ஸையும் எதிரொலியோடு முன்னே நிறுத்துவார்கள். பேஸ் பெரும்பாலும் சில சுரங்களையே சுற்றிச் சுற்றி வரும். தம்புராவின் ஆதார சுருதியில் ஊறிய காதுக்கு இது அந்நியமா என்ன? என் வரையில், இந்தச் சேர்க்கை ஒட்டுவேலையே அல்ல, உறவு.

1998-ல் ஏஷியன் டப் ஃபவுண்டேஷனின் 'ராஃபிஸ் ரிவெஞ்ச்' ஆல்பம் பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதிலிருந்து தொடங்குங்கள். மொபைல் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம், பேஸே கேட்காது.