மேடையில் மறந்துபோன மகள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பள்ளிப் பேச்சுப் போட்டியில் பாதியில் மறந்துபோய் அழுதபடி இறங்கிவிட்டாள். இனி மேடையே வேண்டாம் என்கிறாள். என்ன செய்வது?
- ஒரு தாய், சிவகிரி

பதில்: அம்மா, அந்த உரையை எழுதியது யார்? பெரும்பாலும் அப்பாவோ ஆசிரியரோ எழுதித் தருகிறார்கள், பிள்ளை மனப்பாடம் செய்கிறது. இரவல் வாக்கியத்தில் ஒரு சொல் நழுவினால் அடுத்ததைப் பிடிக்க முடியாது. தவறு உங்கள் மகளுடையது அல்ல.

அவளுக்குத் தெரிந்த பொருளைக் கொடுங்கள். பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சைச் சந்தையைப் பற்றி மூன்று நிமிடம் பேசட்டும். முழு உரை வேண்டாம்; சிறு அட்டையில் ஐந்து குறிப்புச் சொற்கள் போதும். முதல் வாரம் உங்களிடம், அடுத்து ஆச்சியிடம், பிறகு தெருப் பிள்ளைகளிடம். இடையில் நின்றால் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவளே தேடிப் பிடிக்கட்டும், அதுதான் பயிற்சி.

1938-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படையில் ஊர் ஊராகப் பேசினார். அதே ஆண்டு நவம்பரில் சென்னைப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமையேற்றவர் மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார். பெண் மேடையேறுவதையே ஊர் ஏசிய காலம் அது. அவர்கள் கதையை மகளிடம் சொல்லுங்கள்.

தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்துகிறது. அடுத்த போட்டிக்குப் பள்ளி வழியாக அவள் பெயரைக் கொடுங்கள். பரிசு வராவிட்டாலும் பரவாயில்லை. அன்று முன்வரிசையில் நீங்கள் உட்கார்ந்திருங்கள்.