கறுப்புக் கம்பளியிலிருந்து தொடங்குங்கள்

பேகம்பேட்டில் எங்கள் வீட்டு மாடிக்கு ராட்டை பழக வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் முதல் நாளே கேட்பது, "மெரினோ எங்கே கிடைக்கும் அம்மா?" என்பதுதான். வேறு சிலர், இந்த வெயில் ஊரில் கம்பளிக்கு என்ன வேலை என்பார்கள். இதே பேகம்பேட்டில், பழைய விமான நிலையத்தில்தான் வானிலை மையம் இருக்கிறது. 1946 ஜனவரியில் ஹைதராபாத்தின் குளிர் 6.1 டிகிரி வரை இறங்கியதாகப் பதிவு. கடல்மட்டத்துக்கு 500 மீட்டருக்கு மேலே இருக்கிற மேட்டு நிலம் இது. மார்கழி, தையில் ஆட்டுக்கிடைக்குக் காவலாக வெட்டவெளியில் படுப்பவருக்குக் கம்பளி வேண்டும். ஆடி, ஆவணி மழையில் அதைவிட வேண்டும். அதற்கென்றே இந்த மண்ணில் ஓர் ஆடும் ஒரு கம்பளியும் இருக்கின்றன. கற்க வருகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் முடிவு. வாயால் சொல்லி வந்ததை எழுதித் தரச் சொன்னார்கள், எழுதியிருக்கிறேன்.

1. நூலைத் தொடுவதற்கு முன் ஆட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தக்காணி ஆடு தெலங்கானா, கர்நாடகம், மகாராஷ்டிரம் மூன்றிலும் பரவிய செம்மறி. பெரும்பாலும் கறுப்பு. மேய்ச்சலுக்காக நெடுந்தூரம் நடக்கும், காய்ந்த புல்லிலும் பிழைக்கும். இங்கே அதை வளர்த்து, அதன் ரோமத்தை நூற்று நெய்கிறவர்கள் குருமர்கள். கர்நாடகத்தில் குருபர், தமிழ்நாட்டில் ஆடு மேய்க்கும் குறும்பரை நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

ஹைதராபாத்தில் ஆடு பார்க்க வேண்டுமென்றால் எல்லாரும் ஜியாகூடா சந்தைக்குத்தான் வழி சொல்வார்கள். போய்ப் பாருங்கள்; ஆனால் அங்கே நிற்பவற்றில் கம்பளி ஆட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நெல்லூர் ஆடும் அதன் கலப்பும்தான் எங்கும். நெடுநெடுவென்று வளரும், கறி கூடும், உடம்பில் கம்பளி கிடையாது. இறைச்சிக்கு விலை ஏற ஏற, மேய்ப்பர்களே நெல்லூர்க் கிடாயை மந்தைக்குள் விட்டார்கள். 2017 ஜூனில் மாநில அரசு 75 சதவீத மானியத்தில் இருபது பெட்டையும் ஒரு கிடாயுமாக ஆடு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கான ஆடுகள் பக்கத்து மாநிலங்களிலிருந்து வந்தன. மேய்ப்பர் வீட்டுக்கு வருமானம் வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். கம்பளி ஆடு மட்டும் இன்னும் குறைந்தது. மேதக், சித்திப்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்குள் போனால் கறுப்பு மந்தை கண்ணில் படும்.

பட்டால், மேய்ப்பரிடம் கேட்டுக்கொண்டு, ஓர் ஆட்டின் தோள்பட்டையில் இரண்டு கையாலும் ரோமத்தைப் பிரித்துப் பாருங்கள். மேலே வெயில்பட்டுச் செம்பட்டை ஏறியிருக்கும், அடியில் கரிக்கறுப்பு. அதே ஆட்டின் பின்தொடையில் பிரித்துப் பாருங்கள். அங்கே முரட்டு இழை, நடுவில் வெள்ளையாய் விறைத்த முடி. ஒரே ஆட்டில் இத்தனை வகை என்பதை விரல் அறிந்த பிறகுதான் தரம் பிரிக்க வரும்.

2. மெத்தென்று இருப்பதுதான் நல்ல கம்பளி என்ற நினைப்பை விடுங்கள்.

மெரினோ இழையின் தடிப்பு ஏறத்தாழ 20 மைக்ரான். தக்காணி இழை அதற்கு இரண்டு மடங்கும் இருக்கும், மேலும் போகும். கழுத்தில் சுற்றினால் குத்தும். ஆனால் மெரினோச் சால்வையைப் போர்த்திக்கொண்டு கருவேல முள்ளுக்குள் ஆடு மேய்க்க முடியாது. முரட்டு இழை தேயாது, கிழியாது, உட்கார உட்கார அமுங்கிப் போகாது. கொங்கடி என்று இங்கே சொல்லும் கறுப்புக் கம்பளியை மேய்ப்பர் மழையில் மடித்துத் தலையில் கொங்காடை போட்டுக்கொள்வார். இரவில் அதுவே பாய், அதுவே போர்வை. கொமுரவெல்லி மல்லண்ணா திருவிழாவிலும் குருமர் வீட்டுச் சடங்குகளிலும் அதற்கு இடம் உண்டு. இப்போது ஹைதராபாத்தில் சில இளைஞர்கள் அந்தத் துணியிலேயே காலணி செய்கிறார்கள். முரட்டுத் துணிக்குப் பொருத்தமான வேலை என்று எனக்கு மகிழ்ச்சி.

இந்தியாவில் ஆண்டுக்கு மூன்று கோடி கிலோவுக்குச் சற்று மேல் கம்பளி விளைகிறது. அதில் பாதிக்கு நெருக்கமாக ராஜஸ்தான். மொத்தத்தில் சுமார் 85 சதவீதம் தரைவிரிப்புக்கானது. உடைக்கு ஆகும் மென்கம்பளி 5 சதவீதம்தான். அதனால்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து வாங்குகிறோம். மென்மையாக ஆக்கும் முயற்சியும் நம் நாட்டில் நடந்தது: நீலகிரிச் செம்மறி, கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனியா மெரினோ முதலான சீமை ஆடுகளை 19ஆம் நூற்றாண்டில் கலந்து வந்தது. சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் இன்றும் அதைக் காப்பாற்றி வருகிறார்கள். ஊட்டிக்குப் போனால் அதையும் பாருங்கள். மலைக்கு அது, இந்த மேட்டு நிலத்துக்கு இது.

3. ரோமம் கத்தரிக்கும் நாளில் போய் நில்லுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு தடவை கத்தரிப்பார்கள். அதற்கு முன் மந்தையைக் குளத்தில் இறக்கி நீந்தவிட்டுக் கழுவுவார்கள். ஆட்டின் வியர்வை உப்பு வெறும் தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் பாதி அழுக்கு அங்கேயே போய்விடும். காய்ந்ததும் நாலு காலையும் சேர்த்துக் கட்டி, பக்கவாட்டில் படுக்கவைத்து, அகலக் கத்தரியால் தோலை ஒட்டி ஓட்டுவார்கள். தேர்ந்த கை ஓரிடத்தில் ஒரு தடவைதான் ஓட்டும். மேலாக வெட்டிவிட்டு மறுபடி அடியில் வெட்டினால் அரை அங்குலத் துணுக்குகள் விழும். அவை நூலில் நிற்காமல் உதிரும். வாங்கும்போது ஒரு பிடி அள்ளி உதறிப் பாருங்கள். துணுக்கு கொட்டினால் வேறு குவியலைக் காட்டச் சொல்லுங்கள்.

ஓர் ஆட்டில் ஒரு தடவைக்கு அரைக் கிலோ தேறினால் அதிகம். மூன்று கிலோக் கம்பளி ஒன்றுக்குக் கழிவு போக எத்தனை ஆடு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குட்டியின் முதல் கத்தரிப்பு ரோமம்தான் இருப்பதிலேயே நயம். தனியாக வைத்திருப்பார்கள், கேட்டால் தருவார்கள்.

4. எடை போடும் நாளின் ஈரத்தையும் கணக்கில் எடுங்கள்.

கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை காற்றின் ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும்; தொட்டால் நனைந்ததே தெரியாது. வாங்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளியிடும். நனைந்த கம்பளியும் கதகதப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் தராசுக்கு இது பெரிய சங்கதி. சித்திரை வெயிலில் ஒரு கிலோ நின்ற அதே ரோமம் ஆவணி மழையில் நூறு கிராம் கூடுதலாகக் காட்டும். விற்பவர் தண்ணீர் தெளித்தார் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

5. தோல் கம்பளி வேறு, கத்தரித்த கம்பளி வேறு.

ராணிப்பேட்டை, வாணியம்பாடி போன்ற ஊர்களில் தோல் பதனிடும் கூடங்களில் சுண்ணாம்பு வைத்துத் தோலிலிருந்து கழற்றும் ரோமமும் சந்தைக்கு வருகிறது. சுண்ணாம்பு பட்ட இழை முறுமுறுப்பாக, உயிரில்லாமல் இருக்கும். திணிக்க ஆகும், நூற்கப் பழகும் கைக்கு ஆகாது.

6. கழுவுவதில் அவசரம் கூடாது.

பாதிப் பேர் கம்பளியைப் பாழாக்குவது இங்கேதான். கம்பளி நம் தலைமுடியைப் போலக் கெரட்டின் என்னும் புரதம். ஒவ்வோர் இழையின் மேலும் நுனி நோக்கி அடுக்கிய செதில் உண்டு. சூடும் சோப்பும் சேர்ந்த தண்ணீரில் கசக்கினால் இழைகள் ஒரு பக்கமாகவே நகர்ந்து, செதிலோடு செதில் மாட்டி, பிரிக்கவே முடியாத கட்டியாகிவிடும். வேண்டுமென்றே செய்தால் அது ஒரு தொழில்; காஷ்மீர் நம்தா அப்படித்தான் உருவாகிறது. கழுவும்போது நடந்தால் நஷ்டம்.

ஆகவே முதலில் பச்சைத் தண்ணீரில் ஓர் இரவு ஊறட்டும். சாணியும் மண்ணும் அடியில் தங்கும். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். பிறகு கை பொறுக்கும் சூட்டில் பூந்திக்கொட்டை நீர். இங்கே குங்குடுகாய் என்று கேட்டால் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். நம் தெருவில் போர்வெல் தண்ணீர் கடினம். சோப்பு அதில் திரிந்து இழைமேல் பிசுக்காகப் படியும். பூந்திக்கொட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. ரோமத்தை அமுக்குங்கள், தேய்க்காதீர்கள், பிழியாதீர்கள். சூட்டிலிருந்து எடுத்துச் சட்டென்று குளிர்ந்த நீரில் போடாதீர்கள். அடுத்த நீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கட்டும். சலவைச் சோடா வேண்டாம். வெளுக்கும் பிளீச்சிங் திரவத்தைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். கம்பளியைக் கரைத்தே விடும். சந்தேகமிருந்தால் ஒரு கிண்ணத்தில் ஒரு துணுக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்து பாருங்கள்.

மெரினோவில் கொழுப்பு அதிகம். அந்த லனோலின்தான் களிம்புகளில் சேர்கிறது. தக்காணியில் கொழுப்பு குறைவு. ஆகவே மெரினோவுக்கென்று புத்தகத்தில் போட்டிருக்கும் கொதிசூடு இதற்குத் தேவையில்லை. கழுவியதை நிழலில், கயிற்றுக் கட்டிலில் பரப்பிக் காயவையுங்கள். கீழிருந்தும் காற்று புகும்.

7. நூற்பதற்கு முன் பிரிக்கும் வேலையில் முக்கால் பங்கு நேரம் போகட்டும்.

கையால் பிய்த்து, முள்ளும் தூசும் உதிர்த்து, பிறகு வில்லடிப்பது இங்குள்ள வழக்கம். நாண் அதிர அதிர இழைகள் தளர்ந்து எழும்பி நிற்கும். அதைத் திரியாக உருட்டிக்கொண்டு ராட்டைக்கு வாருங்கள். பஞ்சு நூற்றுப் பழகியவர்கள் முறுக்கை ஏற்றிக்கொண்டே போவார்கள். பருத்தி இழை குட்டை, அதற்கு அது வேண்டும். கம்பளி இழை நீளம், நெளிவும் உண்டு. முறுக்கு அதிகமானால் கம்பி மாதிரி விறைக்கும், நெய்த துணியில் காற்றே தங்காது. காற்றுத் தங்காவிட்டால் குளிர் தாங்காது.

8. பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சியை விட்டால் வேறு வேண்டாம்.

கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சுவார்கள். பாவு நூலில் அந்தக் கஞ்சி ஏறியதும் பிசிறு அடங்கும், குழித்தறியில் நாடா ஓடும்போது இழை அறாது. புதுக் கொங்கடி விறைப்பாக நிற்பதும் அதனால்தான். போர்த்தப் போர்த்த இளகும்.

9. வாங்கும் நூலில் ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள்.

கம்பளி தயங்கித் தயங்கி எரியும், நெருப்பை எடுத்ததும் அணையும், முடி கருகும் நாற்றம் வரும், கரியை நசுக்கினால் தூளாகும். அக்ரிலிக் உருகி, கெட்டி மணியாகும். குளிர்காலத்தில் நகரத்துக்கு வரும் லூதியானா ஸ்வெட்டர்களைக் கம்பளி என்று நம்பிப் பிரித்து மறுபடி பின்ன நினைக்கும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன்.

10. பூச்சிக்கு அழுக்குக் கம்பளிதான் விருந்து. வியர்வையும் எண்ணெயும் பட்டதைக் கழுவாமல் பெட்டியில் வைக்காதீர்கள். மாதம் ஒரு முறை வெயிலில் உதறுங்கள். வேப்பிலை, வசம்பு வைப்பது வழக்கம், வையுங்கள். உதறுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

11. ரோமம் வாங்கப் போகும் வீட்டில் பேரம் பேசாதீர்கள்.

இந்த ஆட்டுக்காரர்களுக்கு இன்று ரோமத்தில் லாபம் இல்லை. கத்தரிக்கும் கூலியே ரோமத்தின் விலையை மிஞ்சுகிறது. ஆகவே பலர் வெட்டியதைக் கிடையிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். முன்பு நூற்ற பெண்களின் ராட்டைகள் பரணில் கிடக்கின்றன, நெய்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். நாம் கொடுக்கும் விலை கத்தரிப்புக் கூலியை அடைத்து, அதற்கு மேலும் கையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த கிடாய் நெல்லூர்க் கிடாயாகத்தான் இருக்கும். அவர்கள் மேல் தப்பு சொல்ல நமக்கு வாய் இருக்காது.

அந்த வீட்டில் நூற்கும் பாட்டியை அவ்வா என்று கூப்பிடுங்கள். தெலுங்கு தடுமாறினாலும் பரவாயில்லை. தெரிந்ததை அளந்து காட்டாமல், அவர் நூற்கும்போது விரலைப் பாருங்கள். முதல் தடவை ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். பிரித்துக் கழுவி நூற்பதற்குள் அடுத்த கத்தரிப்பு வந்துவிடும். அப்போது போகையில் நீங்கள் நூற்றதில் ஒரு கண்டை எடுத்துப்போங்கள். எந்த இடத்தில் முறுக்கு ஏறியிருக்கிறது, எங்கே திரி ஒழுங்காக உருளவில்லை என்று அவ்வா விரலால் தடவியே சொல்லிவிடுவார்.