மூலையில் வாய் பிளக்கும் கார்னிஸ்

கேள்வி: ஹாலில் சிலிங் ஓரத்துக்கு ரப்பர் மரக் கார்னிஸ் வாங்கினேன். மைட்டர் ரம்பத்தில் கட்டையைப் படுக்க வைத்து, 45 டிகிரியில்தான் வெட்டினேன். மூலையில் இடைவெளி விழுகிறதே?
– வாசகர், திகாம் பத்து

பதில்: ரம்பத்தின் மேல் குற்றமில்லை. படுக்க வைத்து வெட்டும் கார்னிஸுக்கு 45 பொருந்தாது. அது சுவருக்கும் சிலிங்குக்கும் நடுவே சாய்ந்து நிற்பது. அதன் முதுகு சுவரோடு எத்தனை டிகிரி சாய்கிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். 38 என்றால் ரம்பத்தின் மேசையை 31.6-க்குத் திருப்பி, தகட்டை 33.9-க்குச் சாய்க்க வேண்டும். 45 சாய்வுள்ள கட்டைக்கு இவை 35.3, 30.

இதெல்லாம் மூலை சரியாக 90 டிகிரி இருந்தால். நம் தாமான் வீடுகளில் சிமெண்டுப் பூச்சு மூலையில் தடித்திருக்கும். மூலை 92 ஆக இருந்தால் 38 சாய்வுக் கட்டைக்கு 30.7, 33.2 வேண்டும். ஒவ்வொரு மூலையையும் தனியே அளந்து, துண்டுக் கட்டையில் வெட்டிப் பொருத்திப் பாருங்கள்.

உள்மூலைக்கு நான் விரும்புவது வேறு வழி. ஒரு கட்டையைச் சுவர் வரை நேராக ஓட்டுங்கள். மற்றதைக் கோணத்தில் வெட்டி, முகத்தின் வளைவுக் கோட்டை ஒட்டி மெல்லிய வளைவு ரம்பத்தால் பின்புறத்தைச் சற்று கூடுதலாக அறுத்தெடுங்கள். மழைக்கால ஈரத்தில் ரப்பர் மரம் உப்பிச் சுருங்கினாலும் அந்த இணைப்பு எளிதில் வாய் திறக்காது.