அழுத்துவது இருக்கட்டும், முதலில் மெலிக்கச் சொல்லிக்கொடு

அன்புள்ள தம்பிக்கு,

தி. நகரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பெடுக்க ஆரம்பித்ததில் சந்தோஷம். நீளமான சொல்லில் அழுத்தம் எங்கே என்று காட்டினால் பிள்ளைகள் அந்த இடத்தில் கத்துகிறார்கள் என்று எழுதியிருந்தாய். கத்தத்தான் செய்வார்கள்.

முதலில் அசை பிரிப்பது. பள்ளியில் அலகிட்டுப் பழகியவனுக்கு ‘மலர்’ ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் அது இரண்டு. ஆகவே நேர் நிரையை ஓரமாக வைத்துவிட்டு, காதில் விழும் உயிரொலிகளை எண்ணச் சொல். எழுத்தை எண்ணவிடாதே. ‘பிசினஸ்’ எழுத்தில் மூன்று உயிர், வாயில் ‘பிஸ்-னஸ்’, இரண்டுதான்.

பிறகு விகுதி. ‘ஷன்’, ‘இட்டி’, ‘இக்’ என முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம்: ‘எக்ஸாமினேஷ’னில் ‘னே’, ‘எகனாமிக்’கில் ‘னா’. ‘டெலிவிஷன்’, ‘பாலிடிக்ஸ்’ போன்ற முரண்டுகளைத் தனியே மனப்பாடம் செய்யட்டும்.

உண்மையான வேலை அழுத்தம் விழாத அசைகளில் இருக்கிறது. ‘ஃபோட்டோகிராஃ’பில் அழுத்தம் முதல் அசையில், ‘ஃபோட்டோகிராஃபி’ ஆனதும் இரண்டாவதுக்குப் போகிறது, ‘ஃபோ’ சுருங்கி ‘ஃப’ ஆகிவிடுகிறது: ‘ஃப-டா-க்ர-ஃபி’. நாமோ எல்லா அசைக்கும் சம மரியாதை கொடுக்கிறோம். ‘கம்ஃபர்டபிள்’, ‘வெஜிடபிள்’ இரண்டின் கடைசியிலும் ஒரு டேபிளையே போட்டுவிடுகிறோம்!

இதற்குக் குற்றியலுகரத்தைக் கூப்பிடு. ‘பசு’, ‘காசு’ இரண்டையும் சொல்லச் சொல். பசுவின் உகரம் ஒரு மாத்திரை; காசின் உகரம் அரை. யாரும் யோசித்துக் குறைப்பதில்லை, நாக்கு தானே குறைக்கிறது. ஆங்கிலத்தின் மெலிந்த உயிர் வேறு ஒலிதான். ஆனால் குறைக்கும் பழக்கம் இந்த நாக்குக்குப் புதிதல்ல. சுற்றியுள்ளவை மெலிந்தாலே அழுத்தம் தானாகத் தெரியும், கத்த வேண்டாம்.

‘நமக்கெல்லாம் வராது சார்’ என்பவனிடம் சீனிவாச சாஸ்திரியைச் சொல். 1869இல் வலங்கைமானில் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். அவருடைய ஆங்கிலத்துக்காகவே ‘வெள்ளி நாக்கு’ என்றார்கள். 1944இல், முதிய வயதில், மயிலாப்பூரில் ராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் சொற்பொழிவாற்றினார். ஆனால் லண்டன்காரன் மாதிரி மூக்கால் பேசுவது உன் பாடத்தில் சேராது. அதைக் கேட்டு வருபவர்களை வேறு வகுப்புக்கு அனுப்பிவிடு.

அகராதி பார்க்கப் பழக்கு. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் அகராதிகளில் அழுத்தமுள்ள அசைக்கு முன்னால் மேலே சிறு கோடு இருக்கும். பழைய அகராதிகள் பலவற்றில் அது அசைக்குப் பின்னால். லஸ் பக்கம் நடைபாதையில் பழையது வாங்கினால், விலை பேசுமுன் முன்பக்க விளக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடு.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்