பம்பு யந்திரமும் ஸ்பார்க் பிளக்கும்

பயிர் பூக்கும் தருணத்தில் பெட்ரோல் பம்பு யந்திரம் நின்றுவிடுமாயின் குடியானவருக்கு நேரும் நஷ்டம் சிறிதன்று. அவ்வேளையில் அவர் கடைக்கு ஓடிப் புதிய பிளக் வாங்கி மாட்டுகிறார். யந்திரம் இரண்டு நாள் ஓடி மீண்டும் நின்றுவிடுகிறது. காரணம் யாதெனில், பல சமயங்களில் பிளக் நோயன்று. நோயைக் காட்டும் குறியேயாகும். வைத்தியர் நாக்கைப் பார்த்து நோயறிவதுபோல, பிளக்கின் முனையைப் பார்த்து யந்திரத்தின் குறையை அறியலாம்.

கழற்றும் முறை: யந்திரம் நன்றாக ஆறிய பின்னரே பிளக்கைக் கழற்ற வேண்டும். கம்பியைப் பிடித்து இழுக்காமல் மூடியைப் பிடித்து எடுக்க வேண்டும். சுற்றிலுமுள்ள புழுதியைத் துடைத்த பிறகே திருகுதல் நன்று. இன்றேல் மண் சிலிண்டருக்குள் விழுந்து அதனைத் தேய்த்துவிடும்.

முனையின் நிறம்: வெளிர் பழுப்பாயின் யந்திரம் நலமாயுள்ளது. உலர்ந்த கரி படிந்திருப்பின், எண்ணெய் மிகுதியாகவும் காற்றுக் குறைவாகவும் செல்கின்றன. காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்க. சோக் மூடியிருக்கிறதாவென்று பார்க்க. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் யந்திரத்தைச் சூடேறுமுன் மாற்றினாலும் இவ்வாறே கரி படியும். பிசுபிசுப்பான கருமையாயின், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து மசகெண்ணெய் மேலேறுகிறது எனச் சந்தேகிக்கலாம். இதற்குப் புதிய பிளக் பரிகாரமாகாது. வெளுத்துக் கொப்புளித்திருப்பின் யந்திரம் மிகைச் சூடு கொள்கிறது. அல்லது பிளக் அதற்குரிய இனமன்று.

பொருத்தும் முறை: பீங்கான் வெடித்த பிளக்கும், முனை தேய்ந்து மழுங்கியதும் உதவா; அவற்றை மாற்றியே தீரவேண்டும். மற்றவற்றைத் துலக்கி உலர்த்தி, முனைகளின் இடைவெளியை அளக்க வேண்டும். சிறிய பம்பு யந்திரங்கள் பலவற்றிற்கு இது 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை. எனினும் யந்திரத்துடன் வந்த புத்தகத்தில் கண்ட அளவே பிரமாணம். வளைக்க வேண்டியது பக்கத்து முனையை மட்டுமே. முதலில் கையால் முழுதும் திருகி, வாஷர் அமர்ந்தபின் புதிய பிளக்காயின் ஸ்பானரால் அரைச் சுற்றும், பழையதாயின் கால் சுற்றுக்கு மேற்படாமலும் இறுக்குக.

பொறிச் சோதனை: எண்ணெய்க் குழாயை மூடி, சிந்திய பெட்ரோலைத் துடைத்துக் காயவிட்ட பின்னரே இதனைச் செய்ய வேண்டும். பிளக்கை மூடியில் மாட்டி, அதன் இரும்புடல் யந்திரத்தின் உலோகத்தில் படியுமாறு, பிளக் துவாரத்திற்குத் தொலைவில் வைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். பிளக்கை வெறுங்கையால் தொடலாகாது. நீலப் பொறி தெறித்தால், குறையை எண்ணெய் வழியில் தேடுக. நல்ல பிளக்கிலும் பொறியில்லையேல் கம்பியையும் காயிலையும் சோதிப்பிக்க வேண்டும்.

மாற்றுப் பிளக் ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது விவேகமே. ஆனால் பழையதன் முகத்தைப் பாராமல் புதியதை மாட்டுவது, ஓட்டை மடையை அடைக்காமல் நீர் இறைப்பதற்கே ஒப்பாகும்.