கரந்துறை எழுத்து

வணிகர் புதுக்கடை திறக்கும் நாளிலும், ஒரு நிறுவனம் தன் ஆண்டு விழாவைக் கொண்டாடும் நாளிலும் விருந்தினரை மகிழ்விக்கப் பல புதுமைகள் செய்யப்படுவதுண்டு. அவற்றுள் ஒன்று வெற்று அட்டை. விருந்தினர் அமர்ந்ததும் அவர் கையில் ஓர் அட்டை தரப்படும். அதன் இருபுறமும் எழுத்து ஒன்றும் இராது. அச்சிட மறந்தனர் போலும் என்று அவர் எண்ணும்பொழுதே, மண்டபத்து விளக்குகள் அணைந்து புறஊதா விளக்கு ஒளிரும். உடனே அவர் பெயரும் வரவேற்புரையும் அட்டையில் பளிச்செனத் தோன்றும். அவர் தம் அட்டையை நோக்கி வியந்தபின், அடுத்திருப்பவர் அட்டையையும் எட்டிப் பார்ப்பார்.

இவ்வேடிக்கைக்குத் துணை நிற்கும் மறைமை மிகப் பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, ஒருவகைச் செடியின் பாலால் உடம்பில் எழுதி உலரவிட்டு, அதன்மேல் சாம்பலைத் தூவினால் எழுத்துத் தோன்றும் என்று குறித்துள்ளார். ஆயினும் இக்கலை வளர்ந்த இடம் விருந்து மண்டபமன்று. சிறைக்கூடமும் போர்ப் பாசறையுமே.

மறைமைக்கு அரிய பொருள் எதுவும் வேண்டுவதில்லை. எலுமிச்சைச் சாற்றில் தோய்த்த எழுதுகோலால் வெள்ளைத்தாளில் எழுதினால், உலர்ந்தபின் எழுத்து மறைந்துவிடும். அத்தாளை வெப்பமுள்ள விளக்கினருகே பிடித்தால் பழுப்புநிற எழுத்து மெல்லத் தோன்றும். சாறு படிந்த பகுதி, தாளின் ஏனைய பகுதி கருகுவதற்கு முன்னரே கருகத் தொடங்குவதே இதற்குக் காரணம். பெரியோர் உடனிருக்க, தாள் தீப்பற்றாதவாறு மாணவரும் இதனைச் செய்து பார்க்கலாம்.

இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சியில், கத்தோலிக்க குருமார் அந்நாட்டில் தங்குவதே பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. சான் செரார்டு என்னும் குரு 1594ஆம் ஆண்டில் பிடிபட்டு, 1597இல் இலண்டன் கோபுரச் சிறைக்கு மாற்றப்பட்டார். தம் தலைவர் மறைந்திருக்கும் இடத்தைக் கூறுமாறு அவரை வற்புறுத்தினர். அவர் கூறாமையால், மணிக்கட்டுகளில் விலங்கிட்டுத் தூணில் தொங்கவிட்டனர். அவர் அப்பொழுதும் வாய்திறந்தாரல்லர். பல நாள்வரை அவர் கைகள் கத்தியையும் பிடிக்க இயலாதனவாயின.

கைகள் சற்றே தேறியதும் அவர் காவலனிடம் ஆரஞ்சுப் பழங்கள் வாங்கித் தருமாறு வேண்டினார். காவலன் அதில் தீங்கொன்றும் காணவில்லை. செரார்டு பழத்தோலைச் சிறு சிலுவைகளாக வெட்டிச் செபமாலைகளாகக் கோத்தார். சாற்றை ஒரு கலத்தில் சேமித்தார். அம்மாலைகளைத் தாளில் பொதிந்து வெளியிலுள்ள நண்பர்க்கு அனுப்ப இசைவு பெற்று, அத்தாளில் கரித்துண்டால் நலம் விசாரிக்கும் சில வரிகளையும் எழுதினார். காவலன் படித்தது அவ்வரிகளை மட்டுமே. அவற்றின் இடைவெளிகளிலோ ஆரஞ்சுச் சாற்றால் எழுதிய உண்மைச் செய்தி உறங்கிக் கிடந்தது.

எலுமிச்சை இருக்க ஆரஞ்சு எதற்கு? காரணத்தை அவரே பிற்காலத்தில் இலத்தீனில் எழுதிய தம் வரலாற்றில் விளக்கியுள்ளார். எலுமிச்சைச் சாற்றின் எழுத்தை நீரில் நனைத்தும் படிக்கலாம். தாள் உலர்ந்தால் அது மீண்டும் மறையும். எனவே இடையில் ஒருவன் படித்துவிட்டு ஒன்றும் அறியாதான்போல் அனுப்பிவிடக்கூடும். ஆரஞ்சுச் சாற்றின் எழுத்தோ வெப்பத்தால் ஒருமுறை வெளிப்பட்டால் பின்னர் மறையாது. பகைவர் பார்த்திருப்பின், கடிதம் பெறுவோர் அதனைக் கண்டவுடனே அறிந்துகொள்வர். செய்தியை மறைப்பதோடு, அது காக்கப்பட்டதா என்பதையும் காட்டும் மை அது. துன்பத்தின் நடுவிலும் இத்துணை நுட்பமாக எண்ணிய உள்ளம் வியத்தற்குரியது.

இக்கடிதங்களால் திட்டம் உருவாயிற்று. 1597 அக்டோபரில் ஓர் இரவு, நண்பர்கள் படகில் வந்தனர். அகழியின்மேல் கயிறு கட்டப்பட்டது. செரார்டும் உடனிருந்த மற்றொரு கைதியும் அக்கயிற்றைப் பற்றித் தப்பினர். வலுவிழந்த கைகளோடு செரார்டு அக்கயிற்றைக் கடந்தது அரிதினும் அரிது.

அமெரிக்க விடுதலைப் போரில் சார்சு வாசிங்டனும் மறைமையைப் பயன்படுத்தினார். வெறும் தாளில் எழுதி அனுப்பினால் ஐயம் எழும் என்பதனை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஆதலின் மலிவான நூல்களின் வெற்றுப் பக்கங்களிலோ, குடும்பச் செய்தி கூறும் கடிதங்களின் வரிகளுக்கிடையிலோ எழுதுமாறு தம் ஒற்றர்க்கு அறிவுறுத்தினார்.

முதல் உலகப் போரில் செருமனிக்காக உளவு பார்த்த கார்ல் முல்லருக்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. தணிக்கை அதிகாரிகள் ஐயுற்ற கடிதத்தை வெப்பத்தில் காட்டினர். வரிகளுக்கிடையே வேறு வரிகள் தோன்றின. அவரிடம் ஓர் எலுமிச்சம்பழமும், அச்சாறு படிந்த பேனாவும் கிடைத்தன. கடைத்தெருவில் எளிதில் கிடைக்கும் பழமே அவருக்கு எதிரான சான்றாயிற்று. 1915 சூன் 23ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். செரார்டு தப்பிச்சென்ற அதே இலண்டன் கோபுரத்திலேதான் அத்தண்டனை நிறைவேற்றப்பட்டது.

ஒற்றன் வெற்றுத்தாளைக் கண்டு அஞ்சுகிறான். விருந்தளிப்பவனோ அதனையே விரும்பித் தேடுகிறான். எவரும் ஐயுறலாகாது என்பது முன்னவன் கருத்து. எல்லாரும் ஐயுறவேண்டும் என்பது பின்னவன் கருத்து. மறைமை இவ்வாறு வேடிக்கைப் பொருளாக மாறியதற்கு ஓர் அழகிய சான்று பிரான்சு நாட்டில் உண்டு. 1737இல் சான் எல்லோ என்னும் வேதியியலறிஞர், கோபால்ட்டு உப்பினால் ஆகிய ஒரு மையைப் பற்றிப் பாரிசு அறிவியல் கழகத்திற்கு எடுத்துரைத்தார். அம்மையால் எழுதிய எழுத்து குளிர்ந்த நிலையில் புலப்படாது. வெப்பத்தில் நீலமாகவோ பசுமையாகவோ தோன்றும். ஆறியபின் காற்றின் ஈரத்தை ஏற்று மீண்டும் மறையும்.

கலைஞர் இதனைக் கணப்படுப்பின் முன் நிறுத்தும் திரைகளில் பயன்படுத்தினர். இலையுதிர்ந்த மரங்களும் பனிமூடிய நிலமுமாக ஒரு குளிர்காலக் காட்சியைத் தீட்டி, கிளைகளில் இம்மையால் இலைகளையும், தரையில் புல்லையும் வரைந்து வைத்தனர். விருந்தினர் வந்தமர்ந்து நெருப்பு மூட்டப்பட்டதும், அவர் கண்முன்னே மொட்டை மரங்கள் தளிர்த்தன. பனிநிலம் பசும்புல் வெளியாயிற்று. நெருப்பு அவிந்து அறை குளிர்ந்தபொழுது திரையில் மீண்டும் பனிக்காலம் திரும்பிற்று.