ஆவரேஜ்: ஒரு வியாபாரச் சொல்லின் வரலாறு

'ஆவரேஜ்' என்னும் ஆங்கிலச் சொல்லைச் சராசரி என்ற பொருளில் நாம் தினமும் கையாளுகிறோம். அச்சொல் பிறந்தது பள்ளிக் கணக்கிலன்று, கப்பல் வியாபாரத்திலாகும்.

அறபியில் 'அவார்' என்றால் சரக்கின் பழுது. மத்தியதரைக் கடல் வணிகத்தில் இத்தாலியர் அதை 'அவாரியா' என்றும், பிரெஞ்சுக்காரர் 'அவாரி' என்றும் வழங்கினர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைப் பெற்ற ஆங்கிலேயர், 'டேமேஜ்' போன்ற சொற்களைப் பார்த்து 'ஏஜ்' விகுதியைச் சேர்த்துக் கொண்டனர். லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியே வந்த இவ்விகுதி கட்டணத்தையும் குறிக்கும். தபால் கட்டணம் 'போஸ்டேஜ்', கிட்டங்கிக் கட்டணம் 'ஸ்டோரேஜ்' என்பன நாமறிந்தவையே.

ஆபத்தில் கப்பலைக் காக்க ஒருவருடைய சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால், அந்த நஷ்டத்தைக் கப்பல்காரரும் சரக்குக்காரர் அனைவரும் அவரவர் மதிப்புக்குத் தக்கபடி ஏற்பர். இது 'ஜெனரல் ஆவரேஜ்'. இப்படிப் பங்கிடும் கணக்கிலிருந்தே 18ஆம் நூற்றாண்டில் சராசரி என்ற பொருள் உண்டாயிற்று.

இது பழங்கதையன்று. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் 'எவர் கிவன்' கப்பல் தரைதட்டியபின், அதன் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார். அவ்வாறு அறிவித்துவிட்டால், தம் சரக்குக்குச் சேதமில்லாதவரும் தமது பங்குக்கு ஈடு கொடுத்த பின்பே சரக்கை எடுக்கலாம்.

ஆகவே, கப்பலில் சரக்கு வரவழைப்போர் தமது இன்ஷூரன்ஸ் பத்திரம் இப்பங்கை ஏற்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக் கொள்வது நலம். சொல்லின் பொருளறிவது நம் முதலுக்கும் காவலாகும்.